பழைய காருக்கு விண்ட்ஸ்கிரீன் மாத்துறது: அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட்னு எங்க போனாலும் யாராவது ஒருத்தர் கராஜ்ல ஒரு பழைய ஃபோர்டு கார்ட்டினாவோ ஃபோக்ஸ்வாகன் பீட்டிலோ டாட்சன் 1200 பேக்கியோ (பேக்கின்னா சின்ன பிக்அப்) மூடி வச்சிருப்பாங்க. அவங்க கேட்கிறது எல்லாம் திரும்பத் திரும்ப அதே சந்தேகம்தான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். நான் சொல்றது ரப்பர்ல உட்கார்ற முன் கண்ணாடிக்கு, பசை போட்டு ஒட்டுற புது வண்டிக்கு இல்ல.

அண்ணா, சின்னதா ஒரு கல்லு அடிதான். முழு கண்ணாடியும் மாத்தணுமா, ரிப்பேர் பண்ணிக்கலாமா?

முதல்ல உங்க கண்ணாடி லேமினேட்டடா டஃபன்டான்னு பாருங்க (ரெண்டும் என்னன்னு அடுத்த பதில்ல சொல்றேன்), கீழ் மூலைல சின்னதா முத்திரை இருக்கும், பெரும்பாலும் அதுலயே எழுதியிருக்கும். முத்திரை தேஞ்சு போயிருந்தா போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, டஃபன்டா இருந்தா கண்ணாடி முழுக்க புள்ளி புள்ளியா, திட்டு திட்டா தெரியும்.

லேமினேட்டட்னா, அடி அஞ்சு ரேண்ட் காசை விட சின்னதா இருந்து, ஓரத்துல இருந்து தள்ளி, டிரைவர் கண்ணுக்கு நேரா இல்லாம இருந்தா ரெசின் ஊத்தி நிரப்பிடலாம், பழைய கண்ணாடிய காப்பாத்த அதுதான் நல்ல வழி. சீக்கிரம் பண்ணணும், தண்ணியும் அழுக்கும் உள்ள போயிட்டா ரெசின் ஒழுங்கா பிடிக்காது, அதுவரைக்கும் மேல ஒரு துண்டு டேப் ஒட்டி வைங்க. டஃபன்ட்ல ரிப்பேர்ங்கிற பேச்சே கிடையாது.

என் கார்ட்டினால ஃபேக்டரிலயே டஃபன்ட் கண்ணாடிதான் வந்துச்சு. ஒரிஜினலா இருக்கணும்னு அதையே தேடிட்டிருக்கேன், சரிதானே?

உங்க வண்டி, உங்க இஷ்டம், ஆனா என்னைக் கேட்டா வேண்டாம். லேமினேட்டட்ங்கிறது ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் வச்சு அழுத்தினது, அடி பட்டா விரிசல் விடும் ஆனா கையோட வராது, படலம் பிடிச்சுக்கும். 1903ல பெனெடிக்டஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கீழ விழுந்த குடுவை ஒண்ணு உள்ள காய்ஞ்சிருந்த செல்லுலாய்டு படலத்தால சிதறாம இருந்ததைப் பார்த்துதான் இந்த யோசனையே பிறந்துச்சும்பாங்க. டஃபன்ட் ஒரே தகடு, சூடாக்கி சட்டுனு குளிர வச்சது. பலமானதுதான், ஆனா உடைஞ்சா மொத்தமும் ஒரே நொடில பொடிப்பொடியா போயிடும்.

அறுபது எழுபதுகள்ல வந்த பிரிட்டிஷ் வண்டிங்க நிறையதுக்கு காசு மிச்சம் பிடிக்க டஃபன்ட்தான் போட்டாங்க. டிரைவர் முன்னாடி மட்டும் கொஞ்சம் பெரிய துண்டா உடையற மாதிரி ஒரு பட்டை விட்டிருப்பாங்க, கண்ணாடி வெள்ளையா போனாலும் அது வழியா பார்த்து ஓரம் கட்டட்டும்னு. என்-டூ ஹைவேல லாரி பின்னாடி 100ல போறப்போ அந்தப் பட்டைய நம்பி இருக்க எனக்கு மனசு வரல. ஷோவுல காட்ட மட்டும் வண்டி வச்சிருக்கீங்கன்னா பழைய முத்திரைக்கு மதிப்பு உண்டு, ஓட்டுற வண்டிக்கு லேமினேட்டட் போடுங்க.

கண்ணாடி எங்க தேடுறது? கடைல கேட்டா ஸ்டாக் இல்லைங்கறாங்க.

நம்ம நாட்டுலயே வண்டிக் கண்ணாடி பண்ற ஷேட்டர்ப்ரூஃப், போர்ட் எலிசபெத்ல, இப்ப கெபெர்ஹான்னு சொல்றோமே அங்க, 1930கள்ல இருந்து இருக்கு. இங்கயே அசெம்பிள் ஆன வண்டிங்க, பீட்டில், எஸ்கார்ட், கார்ட்டினா, டாட்சன் மாதிரி, இதுக்கெல்லாம் கண்ணாடி பண்ணியிருக்காங்க, அதனால கவுன்டர்ல இல்லைன்னதும் திரும்பி வந்துடாதீங்க, பார்ட் நம்பர் குடுத்து ஆர்டர்ல வருமான்னு கேளுங்க. அதுக்கப்புறம் ஸ்க்ராப்யார்டு, கிளப் ஆளுங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதா இருந்தா மரப்பெட்டி பேக்கிங்கும் உடைஞ்சா யார் பொறுப்புங்கிறதும் எழுத்துல வாங்கிட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

தட்டையான கண்ணாடின்னா கவலையே இல்ல. 1956க்கு முன்னாடி வந்த ரெண்டு துண்டு மோரிஸ் மைனர், பழைய லேண்ட்ரோவர் சீரிஸ், ஸ்ப்ளிட் கோம்பி (பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்), இதுக்கெல்லாம் கண்ணாடி வெட்டுற கடைல 6.38 எம்எம் லேமினேட்டட் ஷீட்ல வெட்டிக்கலாம், பழைய கண்ணாடியவே மாதிரிக்கு கொண்டு போங்க, ஓரத்தை நல்லா உரசித் தேய்க்கச் சொல்லுங்க. பிரச்சனை வளைஞ்ச கண்ணாடிலதான். வருஷம் ஒண்ணு மாறினாலும் சைஸ் மாறும், பீட்டிலுக்கு 1965 மாடல்ல கண்ணாடி பெருசாச்சு, அதுக்கு முந்தினது சேராது. "எல்லா பீட்டிலுக்கும் ஒண்ணுதான்"னு விக்கிறவர் சொன்னா டேப்ப எடுத்து நடுவுல உயரம், ரெண்டு ஓரத்துல உயரம், குறுக்கு அகலம், அப்புறம் ஒரு நூலை மூலைக்கு மூலை இழுத்துப் பிடிச்சு நடுவுல எவ்வளவு குழியுதுன்னு, இதெல்லாம் அளந்து பாருங்க.

பழைய ரப்பர் பார்க்க நல்லாத்தானே இருக்கு, அதையே போட்டா என்ன அங்கிள்?

பார்க்க நல்லாத்தான் இருக்கும். மடக்கிப் பாருங்க, மூலைல வெள்ளையா வெடிப்பு தெரியும். நாப்பது அம்பது வருஷ வெயிலுக்கு ரப்பர் சுருங்கி இறுகிடும், புதுக் கண்ணாடில மாட்டினா மூலைல இழுத்துக்கிட்டு தண்ணிக்கு வழி விடும், இல்ல மாட்டும்போதே கிழியும். கண்ணாடி விலைக்கு முன்னாடி ரப்பர் விலை பெருசில்ல. மேக் வீலுக்கும் சவுண்டுக்கும் யோசிக்காம செலவு பண்ற ஆளுங்க ரப்பர்ல மட்டும் ஏன் கணக்கு பார்க்கறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

புதுசு வாங்கும்போது மூலை வார்த்து வந்ததா பாருங்க, மீட்டர் கணக்குல வெட்டிக் குடுக்குறது மூலைல மடிஞ்சு நிக்கும். இன்னொண்ணு, டஃபன்ட்ல இருந்து லேமினேட்டடுக்கு மாறுறீங்கன்னா கண்ணாடி தடிமன் கொஞ்சம் வித்தியாசப்படலாம், ரப்பரோட பள்ளம் அதுக்கு ஏத்ததான்னு கேட்டுக்கோங்க. வாங்கினதும் ஒரு தடவ கண்ணாடிய சுத்தி சும்மா மாட்டிப் பாருங்க, சேராட்டி அப்பவே திருப்பிக் குடுத்துடலாம்.

பழைய கண்ணாடிய உடையாம எப்படி எடுக்கறது?

வைப்பர் கை ரெண்டும் கழட்டு, உள்பக்க மிரர் கண்ணாடியோட சேர்ந்திருந்தா அதையும். டேஷ் மேல கண்ணாடிக்கு காத்து விடற டிமிஸ்டர் ஓட்டைங்க மேல டேப் ஒட்டுங்க, இதை மறந்துட்டா துண்டு எல்லாம் உள்ள விழுந்து அப்புறம் ஹீட்டர் போடறப்பல்லாம் கலகலன்னு சத்தம் வரும். ரப்பர் நடுவுல குரோம் பட்டையோ பூட்டுப் பட்டையோ இருந்தா ஒரு முனைய நெம்பி மெதுவா உருவுங்க.

ரப்பரை எப்படியும் தூக்கிப் போடத்தானே போறோம், அதைக் காப்பாத்த நினைக்காதீங்க. வெளிப்பக்க உதட்டை கத்தியால சுத்தி வெட்டி எடுத்துடுங்க, பெயின்ட்ல கீறாம. அப்புறம் உள்ள ஒருத்தர் மேல் மூலைல ரெண்டு உள்ளங்கையும் வச்சு சீரா தள்ளணும், வெளிய ஒருத்தர் வாங்கிக்கணும். குத்தக் கூடாது. ரெண்டு பேருமே கையுறை, கண்ணுக்கு கண்ணாடி. எடுத்ததை படுக்க வைக்காதீங்க, பழைய கம்பளி மேல நிமிர்த்தி சுவத்துல சாய்ச்சு வைங்க, கண்ணாடிக்கு ஓரம்தான் பலவீனம்.

எடுத்துப் பார்த்தா கீழ ஒரே துரு. பேனல் பீட்டர் (பாடி தகர வேலைக்காரர்) புட்டி போட்டு மூடிடலாம்ங்கறாரு, சரி வருமா?

வராது. விண்ட்ஸ்கிரீன் வேலைல பாதிக்கு மேல இதுதான் வேலை. ரப்பர் உட்கார்ற அந்த தகர விளிம்புல தூசியும் ஈரமும் சேர்ந்து வருஷக்கணக்கா நிக்கும், கீழ ரெண்டு மூலைலயும் அதிகமா, அதுவும் ப்ளஃப், இசிப்பிங்கோன்னு கடல் காத்து அடிக்கிற இடத்துல வண்டி நின்னிருந்தா கேட்கவே வேண்டாம். வெளிய ஒரு சின்ன கொப்புளம்தான் தெரியும், ரப்பரை எடுத்தா கைய விடலாம். அதுக்கு மேல புட்டி வைக்கிறது கிழிஞ்ச வேட்டிக்கு இஸ்திரி போடற மாதிரிதான்.

ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. மேலாக்க துருன்னா பளிச்சுனு தகரம் தெரியற வரைக்கும் வயர் பிரஷ், பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மருந்து, எபாக்சி பிரைமர், பெயின்ட். குத்தினா ஓட்டை விழுதுன்னா வெட்டி எடுத்துட்டு புது தகரம் வெல்டு பண்ணணும், வேற குறுக்கு வழி கிடையாது. வெல்டு பண்ண இடத்தை மட்டமா கிரைண்ட் பண்ணச் சொல்லுங்க, அந்த விளிம்பு எல்லா இடத்துலயும் ஒரே தடிமனா, ஒரே வளைவா இருக்கணும், ஒரு சின்ன முண்டு இருந்தாலும் கண்ணாடி அதுமேல அழுந்தி நிக்கும் (இதால வர்ற கூத்தை கடைசி கேள்வில சொல்றேன்). பெயின்ட் நல்லா காயட்டும், டர்பன் ஈரக் காத்துல நாலு நாள் கூட ஆகலாம், அவசரப்பட்டு ரப்பரை மாட்டினா பெயின்ட் உரிஞ்சு அங்கயே திரும்பவும் துரு ஆரம்பிக்கும்.

கயிறு போட்டு மாட்டறாங்களாமே, அது எப்படி? ரெண்டு பேர் போதுமா?

போதும், ஆனா ரெண்டு பேரும் ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் கேட்கற ஆளா இருக்கணும், மச்சானும் மாப்பிள்ளையும் சண்டை போட்டுக்கிட்டு இழுத்தா கண்ணாடிதான் போகும். முதல்ல மேசை மேல கம்பளி விரிச்சு கண்ணாடிய வச்சு ரப்பரை சுத்தி மாட்டுங்க, மூலைல ரப்பரோட மூலை சரியா உட்காரணும், எங்கயும் இழுத்து நீட்டாதீங்க, கொஞ்சம் அதிகமா இருக்கற மாதிரி தெரிஞ்சா அதை சுத்தி தள்ளி சமமா பரப்பி விடுங்க. அப்புறம் தகர விளிம்பு போய் உட்கார்ற பள்ளத்துல 4, 5 எம்எம் நைலான் கயிறை சுத்திலும் பதிச்சு, கீழ நடுவுல ரெண்டு முனையும் ஒரு சாண், ஒன்றரை சாண் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உள்பக்கமா தொங்கற மாதிரி விடுங்க.

பாத்திரம் கழுவுற சன்லைட் லிக்விடை தண்ணில கலக்கி விளிம்புலயும் ரப்பர் பள்ளத்துலயும் தாராளமா தடவுங்க. கண்ணாடிய வெளிய இருந்து தூக்கி கீழ் விளிம்புல உட்கார வச்சு, இடது வலது இடைவெளி சமமான்னு பார்த்துட்டு, உள்ள இருக்கறவர் கீழ நடுவுல இருந்து ஒரு முனைய கண்ணாடிக்கு நேரா தன் பக்கம் இழுக்க ஆரம்பிக்கணும். கயிறு வர வர ரப்பரோட உள் உதடு விளிம்பைத் தாண்டி உள்ள வந்து உட்காரும், வெளிய இருக்கறவர் கயிறு எங்க வருதோ அதே இடத்துல உள்ளங்கையால அழுத்தி தட்டிட்டே வரணும். கீழ் பக்கம் முழுக்க முடிஞ்சதும் மூலை, அப்புறம் பக்கம் ரெண்டும், மேல் பக்கம் கடைசி.

எங்கயாவது கயிறு நின்னுடுச்சுன்னா பலத்தைக் காட்டாதீங்க, கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணி விட்டு, வெளிய இருந்து தட்டி இறக்கிட்டு அப்புறம் இழுங்க. ரப்பர் விறைப்பா இருந்தா சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுங்க. நடு மதியம் வெயில்ல செய்யாதீங்க, சோப்பு காய்ஞ்சே போயிடும்.

சோப்புக்கு பதிலா கிரீஸ், வாஸலின், இல்ல சமையல் எண்ணெய் தடவலாமா?

கிரீஸும் வாஸலினும் பெட்ரோலிய சாமான், ரப்பர் ஊறி நொச நொசன்னு ஆயிடும். சமையல் எண்ணெய் நாள்பட பிசினா ஒட்டி தூசியப் பிடிக்கும். சோப்புத் தண்ணி, இல்லாட்டி கிளிசரின், அவ்வளவுதான்.

குரோம் பட்டைய எப்ப மாட்டறது? முன்னாடியா பின்னாடியா?

வண்டியப் பொறுத்தது. ரப்பர் நடுவுல பூட்டு மாதிரி போற பட்டைன்னா கண்ணாடி உட்கார்ந்த பிறகு, வளையம் வச்ச ஒரு கருவி இருக்கு, அதுக்குள்ள பட்டைய விட்டு சோப்போட சோப்பா இழுத்துட்டே போகணும், ஸ்க்ரூடிரைவரால நெம்பினா ரப்பர் உதடு கிழியும். பீட்டில்ல அலுமினிய பட்டை வர்ற டீலக்ஸ் மாடலுக்கு தலைகீழ், கண்ணாடிய வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி மேசைலயே பட்டைய ரப்பர்ல ஏத்திடணும். பீட்டிலுக்கு பட்டைக்கு பள்ளமே இல்லாத ரப்பரும் விக்கிறாங்க, வாங்கறப்பவே பார்த்துக்கோங்க.

எல்லாம் மாட்டியாச்சு, மழை வந்தா கால்கிட்ட தண்ணி. சிலிக்கான் அடிச்சு அடைச்சுடவா?

சிலிக்கானைக் கீழ வைங்க. பாத்ரூமுக்கு போடற, வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், அது தகரத்தை துருப்பிடிக்க வைக்கும், பின்னாடி அந்த இடத்துல பெயின்ட்டும் பிடிக்காது. ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவுல போடறதுக்குன்னே காயாத மாஸ்டிக் விக்கிறாங்க, ரப்பர் உதட்டை மர ஸ்பூனால லேசா தூக்கிட்டு துப்பாக்கியால உள்ள விடணும், வழியறதை ஒயிட் ஸ்பிரிட் துணியால துடைச்சுடலாம்.

அதுக்கு முன்னாடி தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. டேஷ் உள்ள டால்கம் பவுடர் தூவிட்டு ஒருத்தர் டார்ச்சோட உள்ள உட்காரட்டும், வெளிய இருந்து ஹோஸை மெதுவா கீழ இருந்து மேல கொண்டு வாங்க, மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எதுன்னே தெரியாது. நிறைய வண்டில குத்தம் கண்ணாடி மேல இருக்காது, வைப்பர் அச்சு ரப்பர், ஏரியல் ஓட்டை, பானட்டுக்கு பின்னாடி காத்து போற இடத்துல அடைஞ்ச இலை, இதுல இருந்துதான் வரும்.

கண்ணாடி ஃபிட்டர், ரப்பரெல்லாம் எதுக்கு, பசை போட்டு ஒட்டிடறேன், ஒழுகவே ஒழுகாதுங்கறாரு.

அவருக்கு பழகின வேலை அதுதான், தப்பா நினைக்க வேண்டாம். புது வண்டில யூரிதேன் பசைல ஒட்டின கண்ணாடி பாடியோட பலத்துலயே ஒரு பங்கு, அதுக்கு ஏத்த அகலத்துல விளிம்பும் பண்ணியிருப்பாங்க. ரப்பர் வண்டியோட விளிம்பு ஒல்லி, பசைக்கு பிடிமானம் பத்தாது, கண்ணாடி சைஸும் ரப்பருக்கு இடம் விட்டு பண்ணது. அடுத்த தடவ கழட்டணும்னா கம்பி விட்டு அறுக்கணும், பெயின்ட்டும் போகும். வேற ஃபிட்டரைப் பாருங்க, முடி நரைச்ச ஆளா இருந்தா இன்னும் நல்லது.

லைசன்ஸ் டிஸ்க் பழைய கண்ணாடில ஒட்டியிருக்கே? ரோட்வர்த்தில ஏதாவது பிரச்சனை வருமா? மேல கொஞ்சம் கறுப்பு ஒட்டிக்கலாமா?

டிஸ்க்கை (வண்டி லைசன்ஸுக்கு கண்ணாடில ஒட்டற வட்டச் சீட்டு) உரிக்கும்போது கிழிஞ்சா டூப்ளிகேட் வாங்கிடுங்க, கிழிஞ்சதை டேப் போட்டு ஒட்டி ஓட்டாதீங்க. வண்டி கைமாறும்போதுதான் ரோட்வர்த்தி, அதாவது வண்டி ரோட்டுல ஓட லாயக்குன்னு டெஸ்ட் பண்ணித் தர்ற சர்ட்டிஃபிகேட், கேட்பாங்க, அந்த சர்ட்டிஃபிகேட் 60 நாளைக்கு செல்லும், அதனால விக்கிற யோசனை இருந்தா கண்ணாடி வேலைய முடிச்சுட்டு டெஸ்டுக்கு போங்க. கறுப்பு ஃபிலிம் விஷயத்துல சட்டம் தெளிவு, விண்ட்ஸ்கிரீன் வழியா குறைஞ்சது 70 சதவீத வெளிச்சம் வரணும், பக்கக் கண்ணாடில 35.

இன்சூரன்ஸ்ல வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா முதல்ல பாலிசில கண்ணாடிக்கு எக்ஸஸ் (கிளெய்ம்ல நம்ம கைல இருந்து கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவுன்னு பாருங்க, சில சமயம் கண்ணாடி விலையே அதுக்குள்ள அடங்கிடும். அவங்க அனுப்பற ஃபிட்டருக்கு ரப்பர் வண்டி பழக்கமான்னு கேளுங்க (மேல பசை கேள்விய பாருங்க), ரப்பரும் பட்டையும் கிளெய்ம்ல சேருமான்னும் கேளுங்க. துரு வேலைக்கு அவங்க காசு தர மாட்டாங்க. பழைய வண்டிக்கு அக்ரீட் வேல்யூ பாலிசியா (வண்டி மதிப்பை முன்னாடியே பேசி எழுதிக்கிறது) எடுத்து வைக்கிறது எப்பவும் நல்லது.

புதுக் கண்ணாடி போட்டதும் அம்மா மஞ்சள், சந்தனம், குங்குமம் வைக்கணும்ங்கறாங்க. கண்ணாடிக்கு ஏதாவது ஆகுமா?

கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது, தாராளமா வைங்க. ரப்பர் மேலயும் புதுசா போட்ட மாஸ்டிக் மேலயும் மட்டும் படாம பார்த்துக்கோங்க, மஞ்சள் கறை ஏறினா போகாது. டிரைவர் பார்வைக்கு நேரா வேண்டாம், டிஸ்க் பக்கம் மேல் மூலைல வச்சா போதும். எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு, தேங்காய் வண்டில இருந்து தள்ளி உடைங்க, ஓடு தெறிச்சு புதுக் கண்ணாடில பட்டா அம்மாகிட்ட யாரு பதில் சொல்றது. காவடிக்கு போயிட்டு வந்து மிரர்ல மாட்டற மாலைய வண்டி எடுக்கும்போது கழட்டிடுங்க.

மாட்டி மூணாவது நாள், வண்டி கராஜ்ல சும்மா நிக்கும்போதே ஓரத்துல இருந்து விரிசல். கடைக்காரர் கல்லு பட்டிருக்கும்ங்கறாரு. எப்படி நிரூபிக்கிறது?

விரிசல் மேல நகத்தால தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் மெதுவா தடவிப் பாருங்க. கல்லு பட்டிருந்தா எங்கயாவது ஒரு சின்ன குழி நகத்துல மாட்டும். குழியே இல்லாம, ரப்பருக்கு உள்ள ஓரத்துல இருந்து விரிசல் கிளம்பியிருந்தா அது அழுத்தத்துல விட்ட விரிசல். காரணம் மூணுல ஒண்ணா இருக்கும்: விளிம்புல முண்டு, கண்ணாடியோட வளைவு வண்டிக்கு சேரல, இல்ல ஓரம் சரியா தேய்க்காம வந்த கண்ணாடி.

எதையும் கழட்டாம முதல்ல போட்டோ எடுங்க, முத்திரையும் விரிசல் தொடங்கற இடமும் தெரியற மாதிரி. அப்புறம் கடைக்காரரை வச்சுக்கிட்டே கழட்டுங்க. விரிசல் தொடங்கின இடத்துக்கு நேரா தகரத்துல விரலை ஓட்டுங்க, வெல்டு முண்டோ பெயின்ட் கட்டியோ தட்டுப்பட்டா குத்தம் நம்ம பக்கமோ பேனல் பீட்டர் பக்கமோதான், கண்ணாடிக் கடைய குறை சொல்லிப் பயனில்ல. தகரம் மட்டமா இருந்தா கண்ணாடிய வெறும் விளிம்புல வச்சுப் பாருங்க, நாலு மூலையும் ஒரே மாதிரி உட்காராம ஒரு மூலை தூக்கிட்டு நின்னா வளைவு தப்பு. அதுவும் சரியா இருந்தா ஓரத்தைப் பாருங்க, விரிசல் கிளம்பின இடத்துல சில்லு பேர்ந்திருக்கும்.

கண்ணாடி குறைதான்னா 2008ஆம் வருஷ கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் சட்டம் உங்க பக்கம் இருக்கு, குறையுள்ள பொருளை குடுத்த ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுத்து மாத்தித் தரச் சொல்லலாம், இல்ல பணத்தை வாங்கலாம். ஆனா நீங்களே கராஜ்ல மாட்டினதா இருந்தா "நீ மாட்டினதுல போச்சு"ன்னு கடைக்காரர் சொல்லுவாரு, அதுக்குத்தான் அந்த போட்டோவும், கண்ணாடிய வாங்கின அன்னிக்கே ஓரத்தை சுத்தி எடுத்து வச்ச இன்னொரு போட்டோவும். உடைஞ்ச கண்ணாடிய வழக்கு முடியற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க.